காலும் செவியும்: மட்டக்களப்புக் கூத்தின் சுவைப்புப் பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு நகரை அடுத்து, வாவிக் கரையிலே, மாமாங்கேசுவரர் ஆலயத்தையும் அதன் தீர்த்தக் குளத்தையும் நடுவாகக் கொண்டு அமைந்த ஊர் அமிர்தகழி. ஆடி அமாவாசைத் தீர்த்தத்தினால் ஈழமெங்கும் பெயர் பெற்ற இவ்வூருக்கு ஈழத்து நாடக வரலாற்றிலும் ஓரிடம் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழக மேடையிலே 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடி, பின்னர் அக்கலையின் ஆய்வாளராகவும் பேராசிரியராகவும் விளங்கிய சி. மௌனகுரு 1943இல் பிறந்த ஊர் இதுவே. ஆகவே, கூத்தை எவ்வாறு காண்பது, எவ்வாறு கேட்பது என்ற வினாவை இவ்வூரிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. எனினும், கூத்துக்குச் செல்லுமுன் இவ்வூரைத் தழுவிக் கிடக்கும் வாவியைச் சற்றே நோக்குதல் வேண்டும். கேட்டல் என்பது யாதென அவ்வாவி நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றது.

கல்லடிப் பாலத்தை அண்டிய நீர்ப்பரப்பிலே நிலவுக் காலங்களில் எழும் இன்னொலியை மீன் பாடுவதாக மக்கள் கூறுவர். பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கு நமக்கு ஈண்டு வேண்டுவதன்று. அவ்வொலியைக் கேட்கும் முறையே நம் கவனத்துக்குரியது. பாலத்தின்மேல் நின்று செவி சாய்ப்பவனுக்கு அது எளிதிற் கிட்டுவதில்லை. தோணியிலே சென்று, வலித்தலை நிறுத்தி, சவளின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைக் காதோடு பொருத்திக் கேட்டல் வேண்டும். 1848இல் இவ்வாவியில் இரவிற் சென்று இவ்வொலியைக் கேட்ட ஆங்கில அதிகாரி சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில், தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி பெருகியதையும், தோணி நகர நகர ஒலி வேறுபட்டதையும் குறித்துள்ளார். விபுலாநந்த அடிகள் அவ்வொலியை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாடினார். புலவர் கற்பனைக்கும் பயணியின் குறிப்புக்கும் அடியில் இருப்பது ஒன்றே: கை சவளைப் பற்றியது, முதுகு வளைந்தது, தோணி நின்றது, அதன் பின்னரே செவி கேட்டது. ஒலி செவியைத் தேடி வரவில்லை; உடம்பு தன் தொழிலினாற் செவியை ஒலியிடம் கொண்டு சென்றது.

இவ்வுண்மையைக் கூத்துக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கூத்தின் தாளத்தைக் கேட்கும் செவி காலினால் ஆக்கப்படுவது என்பதும், அக்காற்பயிற்சியை நீக்கிவிட்டுக் கூத்தைக் காப்பாற்ற முயல்வோர் அதன் ஓசையைக் காத்து அதனைக் கேட்கும் செவியை இழக்கின்றனர் என்பதும் இங்கு நிறுவ முயலும் கருத்துகளாகும்.

பொறியும் தொழிலும்

நமது மரபிலே புலனறிவு பற்றிய சிந்தனை தொன்மையானது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் அறிவின் எண்ணிக்கையால் ஆறாகப் பகுக்கின்றது. அவ்வரிசையிலே உடம்பினால் உற்றறிதல் முதலிலும், செவியறிவு ஐந்தாவதாகவும், மன அறிவு ஆறாவதாகவும் வைக்கப்பட்டுள்ளன. உற்றறிவு எல்லா உயிர்க்கும் பொது. ஏனையவை அதன்மேல் ஒவ்வொன்றாக ஏறுவன. இவ்வைப்பு முறையில், உடம்பு தீண்டி அறிவது எல்லா அறிவுக்கும் அடிநிலை என்ற குறிப்பு உண்டு எனக் கொள்வது தவறாகாது.

சைவ சித்தாந்தத் தத்துவப் பகுப்பு வேறொரு முறையைக் கைக்கொண்டது. செவி, கண் முதலிய ஐந்தும் ஞானேந்திரியங்கள், அதாவது அறிதற் கருவிகள். வாக்கு, கால், கை முதலிய ஐந்தும் கன்மேந்திரியங்கள், அதாவது தொழிற் கருவிகள். இப்பகுப்பின்படி செவி ஒரு வரிசையிலும் கால் மற்றொரு வரிசையிலும் நிற்கின்றன. தத்துவங்களை முறைப்படுத்துதற்கு எழுந்த இப்பகுப்பை அனுபவத்தின் முழு விளக்கமாகக் கொள்ளும்போதே இடர்ப்பாடு தோன்றுகின்றது. அறிவது ஒரு கருவி, செய்வது பிறிதொரு கருவி என்ற எண்ணம் கற்றோர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. கலையைச் சுவைத்தல் என்றவுடன், அசையாது அமர்ந்து கண்ணையும் காதையும் திறந்து வைத்திருத்தல் என்றே நாம் பொருள் கொள்கின்றோம்.

மேனாட்டிலும் இவ்வெண்ணமே நெடுங்காலம் நிலவியது. இருபதாம் நூற்றாண்டில் அது கேள்விக்குள்ளாயிற்று. பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-பொந்தி 1945இல் வெளியிட்ட புலக்காட்சி பற்றிய நூலிலே, பார்வையற்றவன் கையிலுள்ள கோலை எடுத்துக்காட்டினார். பழகிய பின்னர் கோல் அவனுக்குப் புறப்பொருளாக இருப்பதில்லை. கோலின் நுனியிலே அவன் நிலத்தை உணர்கின்றான். நம் தோணிக்காரன் கையிலுள்ள சவளும் அத்தகையதே. அமெரிக்க உளவியலாளர் கிப்சன் 1966இல் எழுதிய நூலிலே, புலன்கள் வருவதை ஏற்கும் வாயில்கள் அல்ல, உலகைத் துழாவித் தேடும் முறைமைகள் எனக் கொண்டார். தலை திரும்பாமல், கை தடவாமல், கால் நடவாமல் முழுமையான புலனறிவு இல்லை என்பது அவர் கருத்தின் சாரம்.

இக்கருத்துக்கு வலுவூட்டும் சோதனை ஒன்று 1963இல் வெளியாயிற்று. ஹெல்ட், ஹெய்ன் என்னும் இருவர் இருளில் வளர்த்த பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாக இணைத்து, நாள்தோறும் மூன்று மணி நேரம் மட்டும் ஒளியில் விட்டனர். ஒரு குட்டி தன் காலால் நடந்தது. மற்றது ஒரு சிறு தொட்டியிலே தூக்கிச் செல்லப்பட்டது. இரண்டும் கண்ட காட்சி ஏறக்குறைய ஒன்றே. ஆயினும், நடந்த குட்டி ஆழத்தை உணர்ந்து விலகியது. சுமக்கப்பட்ட குட்டிக்கு அவ்வறிவு வாய்க்கவில்லை. கண் திறந்திருந்தது, ஒளியும் இருந்தது, கால் மட்டும் தொழிற்படவில்லை. இச்சோதனையில் மனங்கொள்ளத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. சுமக்கப்பட்ட குட்டிகளைப் பின்னர் ஒளியிலே தம் விருப்பம்போல் நடமாட விட்டபோது அக்குறை விரைவில் நீங்கிற்று. இதனைப் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

களரியும் காற்பயிற்சியும்

இனிக் கூத்துக்கு வருவோம். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஓரிரவில் ஆடி முடிப்பனவாகத் தோன்றினும், உண்மையிலே அவை பல மாதங்கள் நீடிக்கும் ஊர் நிகழ்ச்சிகளாகும். நல்ல நாளிலே சட்டங் கொடுத்தலுடன் தொடங்கும். ஆடுவோர் தத்தம் பாத்திரத்துக்குரிய பாட்டைப் பெறுவர். பின்னர் இரவுதோறும் ஆட்டப் பயிற்சி நிகழும். கால் ஓரளவு பழகிய பின் சதங்கை அணிதல். அதனை அடுத்து முழுக் கூத்தையும் ஒழுங்கிலே வைத்துப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். இறுதியிலே அரங்கேற்றம். இவற்றுக்குரிய இடம் பெரும்பாலும் கோயில் முன்றலோ ஊரின் வெளியோதான். ஆகவே, அரங்கேற்ற நாளிலே களரியைச் சுற்றி அமரும் ஊரவர் முன்பின் அறியாத ஒன்றைக் காண வந்தவர் அல்லர். பல மாத காலமாக மத்தள ஒலியோடு உறங்கி எழுந்தவர்கள் அவர்கள். ஆடுவோரைப் பார்த்துப் பார்த்து மணலிலே தாமும் ஆடிப் பழகிய சிறுவரும், முன்னைய ஆண்டுகளில் ஆடி ஓய்ந்த முதியோரும் அவர்களிடையே இருந்தனர்.

களரியின் அமைப்பும் இதற்கியைந்ததே. வட்டமாக அமைந்த களரியின் நடுவே மத்தளத்துடன் அண்ணாவியாரும், சல்லரிக்காரரும், பிற்பாட்டுக்காரரும் நிற்பர். ஆடுவோர் அவர்களைச் சுற்றி வருவர். ஒலியின் ஊற்று நடுவில் நிலைத்து நிற்க, உடம்பு அதனைச் சூழ்ந்து இயங்குகின்றது. ஆடுவோன் மத்தளத்துக்கு முகங்கொடுக்கும்போதும் முதுகு கொடுக்கும்போதும் ஒலி அவனை வெவ்வேறு வகையிலே தொடுகின்றது. சுற்றியிருப்போரும் அவனை ஒரே கோணத்திற் காண்பதில்லை. ஒருவருக்கு முகம் தெரியும்போது எதிரே இருப்பவருக்கு முதுகு தெரிகின்றது. ஆட்டத்தின் முழுமை எவர் ஒருவரின் கண்ணிலும் ஒரு கணத்தில் அடங்குவதன்று. அது சுற்றிச் சுற்றி வந்து நிறைவது.

இனி, பயிற்சியின் உள்ளியல்பை நோக்குவோம். அண்ணாவியார் தாளக்கட்டை வாயாற் சொல்லுவார். மாணாக்கன் அதனைக் காலால் மிதிப்பான். தாளத்தின் இலக்கணம் அவனுக்கு விளக்கப்படுவதில்லை. வீசாணம், எட்டு, நாலடி, பொடியடி எனப் பெயர் சொல்லப்படும் ஆட்டங்கள் கால் பழகிய பின்னரே அவன் மனத்திற் பொருளுடைய சொற்களாகின்றன. சொல் காலுக்குச் செல்கின்றது. கால் மீண்டும் செவிக்கு அறிவிக்கின்றது. இதனை எழுதுபவன் இளமையில் ஓரிரு மாதங்கள் மட்டும் இப்பயிற்சி பெற்று இடையிலே நின்றவன். ஆட்டக்காரன் எனச் சொல்லிக்கொள்ளும் தகுதி அற்றவன். ஆயினும், அச்சிறு பயிற்சியும் செவியை மாற்றியது. அதற்கு முன்னர் மத்தளம் ஒலிகளின் தொடராகவே கேட்டது. பின்னரோ அடிக்கும் அடிக்குமிடையே உள்ள வெறுமையும் கேட்கலாயிற்று. அங்கே கால் தூக்கப்பட்டு நிற்கின்றது, உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுகின்றது என்பதைத் தொடை அறிந்திருந்தமையால், ஒலியில்லாத இடமும் தாளத்தின் பகுதியாகச் செவிக்குப் புலப்பட்டது.

ஒருவனின் அனுபவம் சான்றாகாது எனலாம். கனடாவைச் சேர்ந்த பிலிப்ஸ்-சில்வர், றெயினர் என்னும் ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இங்கு துணை நிற்கின்றது. ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தம் எதுவுமற்ற ஒரு தாள ஒலியைக் கேட்பித்தனர். அவ்வொலியை இரண்டிரண்டாகவும் கொள்ளலாம், மும்மூன்றாகவும் கொள்ளலாம். கேட்கும்போது சில குழந்தைகளை இரண்டாம் அடிதோறும், வேறு சிலரை மூன்றாம் அடிதோறும் கையிலேந்தி அசைத்தனர். பின்னர் அழுத்தத்துடன் கூடிய இருவகை ஒலிகளையும் கேட்பித்தபோது, ஒவ்வொரு குழந்தையும் தன் உடம்பு அசைந்த முறைக்குரிய ஒலியையே விரும்பிக் கேட்டது. கண்ணைக் கட்டி அசைத்தபோதும் இவ்விளைவு மாறவில்லை. ஆனால், பிறர் அசைவதை வெறுமனே பார்த்த குழந்தைகளிடம் இவ்விளைவு தோன்றவில்லை. காதிலே விழுந்த ஒலி எல்லோர்க்கும் ஒன்றே. அதனை எத்தாளமாகக் கேட்பது என்பதை உடம்பின் அசைவு தீர்மானித்தது. நம் அண்ணாவிமார் நெடுங்காலமாகக் கைக்கொண்ட முறையின் நியாயம் இதுவே.

சலிப்பு என்னும் குற்றச்சாட்டு

கூத்தைப் பற்றிக் கற்றோர் கூறிவந்த குறைகளுள் முதன்மையானது, ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வருவதால் அது சலிப்பூட்டுகின்றது என்பதாகும். ஒவ்வொரு பாத்திரமும் வரவிலே நெடுநேரம் ஆடுகின்றது, கதை நகர்வதில்லை, பாட்டின் பொருள் ஒன்றாகவும் ஆட்டம் பிறிதொன்றாகவும் உள்ளன என்பர். இக்குற்றச்சாட்டை முற்றாக மறுப்பது நேர்மையன்று. பயிற்சி குறைந்தோர் ஆடும்போதும், இரவு முழுவதையும் நிரப்ப வேண்டும் என்பதற்காகவே ஆட்டத்தை நீட்டும்போதும் சலிப்பு ஏற்படுவது உண்மை.

ஆனால், நல்ல ஆட்டத்திலும் சலிப்பைக் காண்பவர் எங்கிருந்து நோக்குகின்றார் என்பதை வினவுதல் வேண்டும். அவர் ஏட்டைப் படித்தவர். பேராசிரியர் சு. வித்தியானந்தனும் பிறரும் கூத்து நூல்களைப் பதிப்பித்து அச்சிலே தந்தமை தமிழியலுக்குப் பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆயின், அச்சிட்ட ஏட்டிலே விருத்தமும் கொச்சகமும் கந்தார்த்தமும் தருவும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில், செய்யுள்களாக நிற்கின்றன. விருத்தம் தாளத்துக்குக் கட்டுப்படாதது. அங்கே ஆட்டம் ஓய்கின்றது. தருவிலே தாளம் பிடிக்கின்றது, கால் எழுகின்றது. ஆடிப் பழகியவனுக்கு விருத்தம் காலின் இளைப்பாறலாகவும், தருவின் தொடக்கம் காலின் விழிப்பாகவும் உணரப்படுகின்றது. ஏட்டைப் படிப்பவனுக்கோ அது யாப்பு மாற்றம் மட்டுமே. அவன் களரிக்கு வந்தாலும், கண்ணால் ஏட்டையே படிக்கின்றான். திரும்ப வரும் ஆட்டம் அவனுக்கு முன்னரே படித்த வரியாகத் தோன்றுகின்றது. நடப்பவனுக்கு ஒவ்வோரடியும் புதிய அடிதான். தொட்டியிலே சுமக்கப்படுபவனுக்கே வழி ஒன்றாகத் தோன்றும்.

ஆகவே, சலிப்பு கூத்தின் இயல்பு என்று சொல்வதற்கு முன், அது பார்ப்பவன் அமர்ந்திருக்கும் முறையின் விளைவா என்பதையும் விமரிசகன் ஆராய்தல் வேண்டும். தொல்காப்பியம் உள்ளத்து உணர்வின் வெளிப்பாட்டை மெய்ப்பாடு என்றது. மெய்யிலே படுவது அது. ஆடுவோன் மெய்யிலே படுவதைக் காண்போன் கண்ணால் மட்டுமே வாங்கிக்கொள்வான் எனின், அப்பெயரின் பாதிப் பொருளே எஞ்சும். காண்போனின் மெய்யிலும் அது படுதல் வேண்டும்.

மேடைக்கு வந்த கூத்து

1960களிலே வித்தியானந்தன் பேராதனையிற் செய்த பணி ஈழத்துத் தமிழ் நாடகத்தின் திருப்புமுனையாகும். 'கர்ணன் போர்' 1962இலும், 'நொண்டி நாடகம்' 1963இலும், 'இராவணேசன்' 1964இலும், 'வாலி வதை' 1968இலும் மேடையேறின. இரவு முழுவதும் வட்டக்களரியில் ஆடியது சுருங்கிய நேரத்துக்குள், படச்சட்ட மேடையிலே, மின்னொளியில் ஆடப்பட்டது. கிராமத்துக்குரியது என ஒதுக்கப்பட்ட கலைக்குக் கற்றோர் அவையிலே மதிப்பு ஏற்பட்டது. பாட்டிலும் ஆட்டத்திலும் மறைந்து கிடந்த நாடகப் பண்பு துலங்கியது. 'இராவணேச'னிலே வீரமும் வீழ்ச்சியும் கலந்த ஒரு துன்பியற் பாத்திரத்தைக் காண முடிந்தது. இவை யாவும் பேறுகளே.

இப்பேற்றுக்குரிய விலையையும் கூறுதல் வேண்டும். படச்சட்ட மேடை பார்வையாளரை ஒரு பக்கத்திலே அமர்த்தியது. மத்தளமும் பிற்பாட்டும் நடுவை விட்டு ஓரத்துக்குச் சென்றன. சுற்றி ஆடுதல் முன்னோக்கி ஆடுதலாயிற்று. காண்போன் இருளிலே, நாற்காலியிலே, அசையாது அமர்ந்தான். களரியிலே சுற்றுதல் என்பது ஒலியோடு உடம்பு கொள்ளும் உறவாக இருந்தது. மேடையிலே அது கண்ணுக்குரிய அழகாக மாறியது. கூத்து செவிக்கும் காலுக்கும் உரியதாக இருந்த நிலையிலிருந்து கண்ணுக்குரியதாகப் பெயர்ந்தது எனலாம்.

ஆயினும், 'இராவணேசன்' வெற்றி பெற்றது. ஏன் என்பதே விமரிசகனுக்குரிய வினா. மேடையமைப்பையும், சுருக்கத்தையும், ஒளியையும் காரணங்களாகக் கூறுவோர் உளர். இவற்றினும் அடிப்படையான ஒன்று உண்டு. மேடையில் ஆடியோரின் கால்கள் அண்ணாவியாரிடம் பழகிய கால்கள். மட்டக்களப்பு மண்ணிலே கூத்தோடு வளர்ந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். ஏனையோர் அவர்களோடு சேர்ந்து நெடுநாட் பயின்றனர். கோபத்தையோ துயரத்தையோ முகத்தாற் காட்டும் முன்னர் அவ்வுடம்புகள் தாளத்தினால் ஆளப்பட்டிருந்தன. மேடை மாறினும் கால் மாறவில்லை. அதனாலேயே ஆட்டம் கண்ணுக்குரியதாகிய பின்னரும் அதனுள் ஒரு பாரம் எஞ்சி நின்றது.

பின்வந்த பலர் இந்நுட்பத்தை உணராது புறவடிவத்தையே பின்பற்றினர். கூத்துப் பாணி எனப் பெயர் சூட்டி, இரண்டு ஆட்டத்தையும் ஒரு தருவையும் ஒரு கிரீடத்தையும் எடுத்துக்கொண்டு, சில நாட் பயிற்சியுடன் மேடையேறிய நாடகங்கள் பல. அவற்றிலே ஆட்டம் அணியாகவே நிற்கின்றது. பாட்டு ஒலிப்பதிவிலிருந்து வர, அதற்குக் கால் அசைகின்றது. அங்கே காலுக்கும் மத்தளத்துக்கும் உரையாடல் இல்லை. அண்ணாவியார் ஆடுவோன் காலைப் பார்த்து அடிப்பார். ஒலிப்பதிவு எவன் காலையும் பார்ப்பதில்லை. நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகப் பள்ளிகளில் இடம் பெற்றமை மகிழ்ச்சிக்குரியது. ஆயின், வீசாணம் என்றால் யாது எனத் தேர்வுத்தாளில் விளக்கம் எழுதிவிட்டு, அதனை ஒருமுறையேனும் மிதித்தறியாத மாணவன், நீச்சலை வரைவிலக்கணத்தாற் கற்றவனை ஒத்தவன்.

இலண்டனிலே கால்வோ-மெரினோவும் அவர்தம் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனோடு நோக்கத்தக்கது. பலே ஆட்டக்காரரும், பிரேசில் நாட்டுக் கப்போயிரா ஆட்டக்காரரும், ஆட்டம் அறியாதோரும் இருவகை ஆட்டங்களின் படக்காட்சிகளையும் கண்டனர். ஆட்டக்காரர் தாம் பயின்ற ஆட்டத்தைக் கண்டபோது, செயலை வழிநடத்தும் மூளைப்பகுதிகள் மிகுதியாகத் தொழிற்பட்டன. 2006இல் அவர்கள் மேலும் ஒரு படி சென்றனர். பலேயில் ஆணும் பெண்ணும் ஒருவர் ஆட்டத்தை மற்றவர் நாள்தோறும் காண்பர்; ஆயின் சில அசைவுகளை ஒரு பாலாரே ஆடுவர். அங்கும், கண்டு பழகிய அசைவை விட ஆடிப் பழகிய அசைவே அப்பகுதிகளை மிகுதியாக எழுப்பியது. காண்பதும் ஒரு வகையில் உள்ளே ஆடுவதுதான் என்பதும், ஆடியறியாதவன் உள்ளே ஆடுதற்கு ஓர் எல்லை உண்டு என்பதும் இவற்றாற் பெறப்படும். மூளையின் தொழிற்பாடு சுவைப்பின் அளவுகோல் ஆகாது. எனினும், களரியைச் சுற்றியிருந்த பழைய ஆட்டக்காரரும், மண்டபத்து நாற்காலியில் இருப்பவரும் கண்டது ஒரே கூத்தன்று என்று கூறுதற்கு இது இடந் தருகின்றது.

பெண்களின் செவி

இக்கருத்துக்கு எழக்கூடிய வலுவான தடை ஒன்றுண்டு. மரபுவழிக் கூத்திலே ஆடியோர் ஆண்களே. பெண் பாத்திரங்களையும் அவர்களே தாங்கினர். களரியைச் சுற்றியிருந்தோரில் பெருந்தொகையினர் பெண்கள். ஆடியறியாத அவர்கள் கூத்தைக் கேட்டிலர், சுவைத்திலர் எனக் கூற முடியுமா? முடியாது. கூத்துப் பாட்டுகளைப் பாராமற் பாடவும், ஆடியவன் எங்கே தவறினான் எனச் சுட்டவும் வல்ல மூதாட்டியரை நம் ஊர்களிற் காணலாம்.

இத்தடை நம் கருத்தைத் தகர்ப்பதன்று, திருத்துவது. உடம்பின் தொழில் என்பது களரியில் ஏறி ஆடுவது மட்டுமன்று. உரலில் மாறி மாறி உலக்கை போட்ட கைகளும், மடியிற் குழந்தையை ஆட்டிய முழங்கால்களும், அம்மன் கோயிற் சடங்கிலே குரவையிட்டும் கும்மியடித்தும் பழகிய உடம்புகளும் தாளத்தை அறியாதவை அல்ல. பயிற்சிக் காலம் முழுவதும் ஒலித்த மத்தளம் அவர்களது வேலையோடு கலந்தே ஒலித்தது. ஆகவே அவர்கள் செவியும் தொழிலால் ஆக்கப்பட்ட செவியே. ஆனால் வேறு தொழிலால் ஆக்கப்பட்டது. ஆட்டக்காரன் காலில் உணரும் தாளத்தை அவர்கள் தோளிலும் கையிலும் உணர்ந்திருத்தல் கூடும். கூத்தின் சுவைப்பை ஆராய்வோர் அண்ணாவிமாரிடம் கேட்பதோடு அமையாது இவர்களிடமும் கேட்டல் கடனாகும். அதே வேளையில், ஆடும் உரிமை மறுக்கப்பட்டமையால் அவர்கள் இழந்தது என்ன என்பதையும் மறைத்தலாகாது. பலே ஆய்வு காட்டிய எல்லை இங்கும் பொருந்தும்.

2000களின் தொடக்கத்திலே சி. ஜெயசங்கரும் அவரோடு இணைந்தோரும் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊரவருடன் சேர்ந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் இவ்வகையிலே கவனத்துக்குரியது. கூத்தை மண்டபத்துக்குக் கொண்டு வருவதற்கு மாறாக, அது ஆடப்படும் ஊரிலேயே, ஆடுவோருடன் உரையாடி, பாத்திரங்களும் பெண்மை பற்றிய சித்திரிப்பும் குறித்த வினாக்களை எழுப்பி, மீண்டும் ஆட முயன்றனர். மௌனகுருவின் வழி செம்மையாக்கத்தை வேண்டுவது. ஜெயசங்கரின் வழி ஊரின் உரிமையை வேண்டுவது. இரண்டினிடையே எழுந்த விவாதம் பெரும்பாலும் எது கூத்து, எவருடைய கூத்து என்பது பற்றியதாகவே இருந்தது. எவருடைய உடம்பு பயில்கின்றது, அதனால் எவருடைய செவி உருவாகின்றது என்ற வினாவையும் அதனோடு சேர்த்தால் விவாதம் பயனுடையதாகும். அவ்வகையில் நோக்கின், பயிற்சியை ஊரின் கண்முன்னே நிகழ்த்துதல் எவ்வழியினரும் கைவிடலாகாத ஒன்று என்பது தெளிவாகும்.

முடிவாக

நீண்ட போர்க்காலத்திலே மட்டக்களப்பில் இரவு நடமாட்டமே அரிதாகியது. மாதக்கணக்கில் இரவுப் பயிற்சியை வேண்டும் கலைக்கு அது பெருந்தாக்கம். 2009இல் போர் ஓய்ந்த பின்னர் கூத்துகள் மீண்டும் ஆடப்படுகின்றன. அண்ணாவிமாரின் பாட்டும் ஆட்டமும் ஒளிப்பதிவு செய்யப்படுகின்றன, ஏடுகள் படியெடுக்கப்படுகின்றன. இவை செய்ய வேண்டிய பணிகளே. ஆனால், பதிவு செய்து வைத்துவிட்டோம், இனிக் கூத்து அழியாது என்ற மனநிறைவு ஆபத்தானது. பதிவிலே மத்தள ஒலி இருக்கும். அதிலே காலுக்குரிய இடம் எது எனக் கேட்கும் செவி இராது. ஐம்பது ஆண்டுகளின் பின் அப்பதிவைக் கேட்பவன், பாலத்தின்மேல் நின்று வாவியின் இசைக்குச் செவி சாய்ப்பவன் போலவே நிற்பான். நீரிலே இசை இருக்கும். அவன் கையிலே சவள் இராது.

இழந்தது மீளாததன்று. சுமக்கப்பட்ட பூனைக்குட்டியும் தன் காலால் நடந்தபோது காணக் கற்றது. கூத்தைப் பற்றி எழுதுவோரும், கற்பிப்போரும், பல்கலைக்கழகங்களில் ஆராய்வோரும் ஓர் ஆண்டின் சில இரவுகளையேனும் அண்ணாவியார் ஒருவரின் முன்னே, மண்ணிலே கால் பதித்து நிற்பதிற் செலவிடுவாராயின், கூத்துப் பற்றிய நமது விமரிசன மொழியே மாறும். நன்றாக ஆட வேண்டும் என்பதில்லை. ஆடித் தவறினாலும் போதும்; எங்கே தவறினோம் என்பதைக் கால் செவிக்குச் சொல்லும். அமிர்தகழியிலும் அதுபோன்ற ஊர்களிலும் கோயில் முன்றலிலே மத்தளம் தொடங்கும் இரவுகளில், ஓரத்திலே நின்று குறிப்பெடுப்பவர்கள் தம் குறிப்பேட்டைச் சற்றே கீழே வைத்துவிட்டு வரிசையில் நிற்பார்களாக.